கீழே சொட்டு இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை

இருபது வயதைத் தாண்டிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை வைத்துக்கொண்டு விடுமுறை நாட்களில் நோண்டிக்கொண்டிருக்கிறேன். தேவிபட்டினத்தில் ஒருவரிடம் வாங்கியது. வந்த நாளிலிருந்தே இரண்டு தொல்லை. சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டினால் சூட்டு முள் பாதிக்குக்கூட வராது. ராமநாதபுரம் கடைத்தெருவில் நெரிசலில் நின்றால் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறும். இது ஒன்று. சில நாளைக்கு ஒருமுறை ரேடியேட்டர் அரை லிட்டர் தண்ணீர் கேட்கும், ஆனால் கார் நின்ற இடத்தில் துளி ஈரம் இருக்காது. இது இரண்டாவது.

பார்த்தவர்கள் எல்லாரும் "ஹெட் கேஸ்கட் போச்சு" என்றார்கள். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது, போனால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே கசியும். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் குறைந்தால் நம் ஊரில் வரும் முதல் தீர்ப்பு அதுதான். ஹெட்டைக் கழற்றினால் செலவு ஆயிரங்களில் போகும். அதற்கு முன்னால் எப்போது சூடாகிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் கேள்விக்குப் பதில் பாம்பன் சாலைப் பாலத்தில் கிடைத்தது. 2025-இல் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு ஆட்கள் இறங்கி நிற்பதால், விடுமுறை நாளில் அங்கே கார் ஊர்ந்துதான் போகும். காற்று ஆளைத் தள்ளுகிற அளவுக்கு அடித்தது, ஆனாலும் முள் ஏறியது. காற்று பக்கவாட்டில் அடித்து என்ன பயன்? ரேடியேட்டருக்குள் முன்பக்கமாகப் புகுந்தால்தானே குளிரும். ஓடும்போது நன்றாக இருந்து, நின்றால் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் மின்விசிறி மேல்தான். ஓடும்போது சூடாகி, நின்றால் தணிகிற கார் என்றால் அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பானெட்டைத் திறந்து பார்த்தால் விசிறி சுற்றத்தான் செய்தது, சோம்பலாக. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், விசிறி மோட்டாரில் 10-ஐ ஒட்டி. மீதி எங்கே தொலைகிறது? மோட்டாரின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. எர்த் ஒயரைப் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. உலோகத் துண்டுகளை வெளியில் வைத்து எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியை என் கார் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் விசிறி சத்தமே மாறிவிட்டது.

சரி, நெடுஞ்சாலையில் முள் பாதிக்குக்கூட வராதது ஏன்? அதுவும் நோய்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருக்கும் கூட்டைத் திறந்தேன். உள்ளே எதுவுமே இல்லை, வெறும் கூடு. முன்பு யாரோ "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இந்த வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இன்ஜினுக்கு வேண்டிய சூடு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். 82 என்று (திறக்கும் சூடு, டிகிரியில்) பொறித்த புதியது ஒன்றை வாங்கி, போடுவதற்கு முன் பழைய தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். தெர்மாமீட்டர் 80-ஐத் தாண்டியதும் வால்வு மெல்ல வாய் திறந்தது, கொதி வரும் முன்னே முழுதாகத் திறந்தது. வீட்டுப் பாத்திரத்தை எடுக்காததால் சமையலறையில் சண்டையும் இல்லை.

இனி காணாமல் போகும் தண்ணீர். இங்கே ஒரு விஷயம் ரொம்ப நாள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் கோடு வரைக்கும் நிற்கும், ஆனால் ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் ரேடியேட்டர் கழுத்து காலியாக இருக்கும். மூடிக்கு இரண்டு வேலை. குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பது முதல் வேலை. 0.9 பார் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். இன்ஜின் ஆறும்போது தொட்டியிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச விடுவது இரண்டாவது வேலை. மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தது. மலிவான சாமான்தான், முதலில் அதை மாற்றினேன். அப்படியும் தொட்டி குறையவில்லை, கழுத்துதான் காலியானது. அப்படியானால் ஆறும்போது வேறு ஏதோ ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது. சூட்டில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது.

கேஸ்கட்டையும் சும்மா விடவில்லை. ஆயில் அளவுக்கம்பியில் பால் கலந்த நிறம் இல்லை. காலையில் கை வைத்தால் மேல் ஹோஸ் தளர்வாகவே இருந்தது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி இல்லை. புகைபோக்கியில் வெள்ளைப் புகை இல்லை. குளிர்ப் பிரதேசத்தில் காலையில் எல்லாக் காரும் வெள்ளையாக ஊதும், இந்தக் கடற்கரையில் விடாமல் ஊதினால் சந்தேகப்படலாம். இன்ஜினில் எரிந்த புகை தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்கும் நீல மருந்தும் மஞ்சளாக மாறாமல் நீலமாகவே இருந்தது.

ரேடியேட்டர் கடை பாயிடம் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்ப் இருக்கிறது. கேட்டதும் சிரித்தார். "தம்பி, தண்ணி ஒண்ணு வெளிய போகணும், இல்ல உள்ள போகணும். மூணாவது வழி கிடையாது. ஆனா ஆறின இன்ஜின்ல வச்சுப் பாருங்க, சூடா இருக்கும்போது மூடியத் திறந்துராதீங்க."

"சூட்டுல பார்த்தாத்தானே பாய் கசிவு தெரியும்?"

"சூட்டுலதான் தெரியாது. கசியுற தண்ணி இன்ஜின் மேலயே ஆவியாயிடும்."

அவர் சொன்னதுதான் நடந்தது. மூடியில் போட்டிருக்கும் 0.9 வரைக்கும் அடித்துவிட்டு உட்கார்ந்தேன். பம்பின் அழுத்த முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கீழே விரித்த அட்டையில் ஈரம் இல்லை. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்பின் அடித்துளை எல்லாம் உலர்ந்திருந்தன. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பின்பக்கம் தேடியபோது, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு. விரலால் சுரண்டியதும் ஊசி முனையளவு துளையிலிருந்து தண்ணீர் பீச்சியது. இன்ஜின் சூட்டில் அது தரைக்கு வரும் முன்னே உலர்ந்து, உப்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. அந்தத் துளையால்தான் அழுத்தமும் நிற்கவில்லை.

கழற்றிப் பார்த்தால் குழாய் உள்ளிருந்து அரித்திருந்தது. வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியதன் விளைவு. அதிலுள்ள குளோரைடு இரும்பையும் அலுமினியத்தையும் குழி குழியாகத் தின்னும். குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் குடவண்டி தள்ளிக்கொண்டு போகும் ஊரில், காருக்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?

குழாயும் ஓ-ரிங்கும் மதுரையிலிருந்து வாங்கி வந்தேன். பிறகு காவிரிக் குழாய்த் தண்ணீரால் கழுவினேன். காப்பி டிகாக்ஷன் நிறம் போய்த் தெளிந்த பிறகு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரால் கடைசியாக ஒருமுறை. அப்புறம் அதே தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. இங்கே என்ன பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது மட்டும் அதன் வேலை இல்லை, துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் கூலண்ட் விஷம், சுவை வேறு இனிப்பு. திறந்து வைத்தால் ஆடும் நாயும் நக்கிவிடும்.

காற்றை வெளியேற்ற, காரின் முன்பக்கத்தை வாசல் சரிவில் மேடாக நிறுத்தி, மூடி திறந்தபடி ஆறிய இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸை அமுக்கிக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூட வேண்டும்.

இப்போது முள் நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. விசிறி ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது. தொட்டியில் மார்க்கர் பேனாவால் போட்ட கோடு சூட்டில் மூழ்குகிறது, ஆறினால் வெளியே தெரிகிறது. ரேடியேட்டரின் கீழ் வரிசைத் தகடுகள் மட்டும் கை பட்டால் பொடியாக உதிர்கின்றன. அலுமினியம் உப்பேறிப் போயிருக்கிறது. சித்திரை வெயிலுக்கு முன் ரேடியேட்டரை மாற்றியாக வேண்டும், பாயிடம் விலை கேட்டிருக்கிறேன்.