அப்பா பெயருக்கு வந்த கடிதங்கள்

ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்டில் (ஓராண்டுச் செலவுக்கு முன்கூட்டியே போட்டுவிட்டு, மாதத் தவணையாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ, விசா என எல்லாம் சென்னையிலேயே ஒழுங்காக முடிந்துவிட்டதால், முதுகலை படிக்க ஜெர்மனி போகும் வேலையில் கடினமான பகுதி தீர்ந்தது என்று நம்பித்தான் 2025 செப்டம்பரில் விமானம் ஏறினேன். அந்த நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் அடி பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் விழுந்தது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தந்த சான்றிதழை அச்செடுத்து, கசங்காமல் கோப்பில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதைக் கையில்கூட வாங்கவில்லை. மாணவருக்குக் காப்பீடு இருக்கிறது என்ற தகவலை 2022 முதல் நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் அனுப்ப வேண்டும். நாம் கொண்டுபோகும் தாளுக்கு அங்கே மதிப்பில்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் இரண்டே நாளில் வேலை முடிந்தது. இதை ஊரிலிருந்தே செய்திருக்கலாம். இன்னொன்று, மலிவாகக் கிடைக்கிறதே என்று தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு, சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவசரப்பட்டு விலக்கு வாங்கிவிடாதீர்கள். படிப்பு முடியும்வரை அதிலிருந்து பின்வாங்க முடியாது என்பது என்னுடன் சேர்ந்த ஒருவருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். எனக்குக் கிடைத்த தேதியோ ஐந்து வாரம் தள்ளி இருந்தது. தினமும் விடிந்ததும் இணையதளத்தைத் திறந்து திறந்து பார்த்ததில், யாரோ ரத்து செய்த நேரம் ஒன்று அகப்பட்டது. அந்த அதிர்ஷ்டத்தையும் வீணடித்தேன். ஒன்பது பக்க வாடகை ஒப்பந்தத்தை நீட்டியபோது, அது போதாது, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள்தான் வேண்டும் என்று அலுவலர் திருப்பி அனுப்பிவிட்டார். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று, இடையில் ஒருமுறை மூச்சு வாங்கிச் சொல்ல வேண்டிய பெயர் அதற்கு. வேறு ஊரில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலின்றித் தவித்த பிறகுதான், உள்வாடகைக்கு இருப்பவருக்கு முதன்மை வாடகைதாரரே கையெழுத்திடலாம் என்று அறிந்தேன். அவர் என் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

பதிவு முடிந்ததும் வங்கிக் கணக்கு திறந்தது, பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் 992 யூரோவும் வரத் தொடங்கியது. ஆனால் வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் தபாலில் வந்தபாடில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டபோது, இரண்டு முறை அனுப்பியும் அந்த முகவரியில் அப்படியொருவர் இல்லை என்று உறை திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது; தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். நானும் வந்த அன்றே என் பெயரை எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தேனே என்று குழம்பிப் போய்க் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. இனிஷியலை விரித்து எழுதிய கடவுச்சீட்டில் என் குடும்பப் பெயர் என்று இருப்பது அப்பாவின் பெயர். ஜெர்மன் அலுவலகங்களுக்கெல்லாம் நான் திரு. அப்பா. பெட்டியிலோ என் பெயர் மட்டும் இருந்தது.

அன்றிரவே அப்பா பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இரண்டு நாளில் முதல் கடிதம் வந்தது, வரி எண் என்று ஆவலோடு பிரித்தால், வானொலி தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டு வந்த கடிதம். அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று என்பதால், பக்கத்து அறைக்காரர் ஏற்கெனவே கட்டிவரும் எண்ணை எழுதி அன்றே பதில் போட்டுவிட்டேன். வரி எண் அதற்கடுத்த வாரம் வந்தது.