நத்தாருக்கும் திருநாளுக்கும் இடையில்

ஊரில் இருந்தவரை என் விசுவாசத்தைச் சுமந்தது நான் அல்ல. அம்மா சுமந்தா, அயலட்டை சுமந்தது, கோவில் மணி சுமந்தது. நான் சும்மா இருந்தாலும் கத்தோலிக்கன்தான். எண்பதுகளின் கடைசியில், மாணவனாக வந்து பிறகு வேலை தேடி வடக்கே போன பல தமிழ்ப் பெடியளைப் போல, நானும் வட நோர்வேயில் பின்மார்க் மாகாணத்தின் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் போய் இறங்கினேன். அங்கே என்னைச் சுமக்க ஆளில்லை.

பின்மார்க், டென்மார்க் நாட்டை விடப் பரப்பில் பெரியது. கத்தோலிக்கர் மிகச் சிலர். அந்த மாகாணத்து ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் புனித மிக்கேல் கோவில் இருக்கிறது. ஆனால் மலையைக் கடந்து போகவேண்டும். பனிக்காலத்தில் அந்த வழியை ‘கொலோனெ’ என்று அறிவித்துவிடுவார்கள். பனி வழிக்கும் வாகனம் முன்னால் போக, மற்றவையெல்லாம் முன்னே தெரியும் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊரவேண்டும். காற்று எழும்பினால் அதுவும் இல்லை, பாதை பூட்டு. அதனால் பூசை என்பது நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் என்றாகிவிட்டது. நோர்வே ஆட்களிலும் பலர் அப்படித்தான், நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் மட்டும் கோவில் நிரம்பி வழியும். ஆகவே ஒருவரும் எங்களைக் குறைசொல்லவில்லை. அதுதான் ஆபத்து.

நவம்பர் கடைசியில் போகும் சூரியன் அங்கே ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகுதான் தலைகாட்டும். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் முழுக்க இருட்டு. வேலை, நித்திரை, வேலை. மனம் வந்தால் செபிப்போம் என்று இருந்தவர்களுக்கு அந்த இருட்டில் மனம் வரவே இல்லை. என் அனுபவத்தில் முதலில் வாய் திறக்கவேண்டும். மனம் பிந்தித்தான் வரும், சில நாள் வராமலும் விடும். அதற்காக அன்றைய செபம் பொய்யாகிவிடாது.

எனக்குச் செபிக்க இடம் கிடைத்தது வேலைத்தலமான மீன் ஆலையில். கொட் மீன் துண்டங்களில் முள்ளும் புழுவும் எடுப்பது என் வேலை. மேசையின் மேற்பரப்புக்குக் கீழே விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் இறைச்சி கண்ணாடி மாதிரித் தெரியும், சுருண்டு கிடக்கும் புழுவைக் கத்தி நுனியால் கிள்ளி எடுக்கவேண்டும். காதில் இரைச்சல் மூடி, கையில் இரட்டைக் கையுறை. கதைக்க வழியில்லை. ஒரு துண்டம் முடிய ஓர் ‘அருள் நிறைந்த மரியே’, பத்துத் துண்டத்துக்கு ஒரு திரித்துவப் புகழ். செபமாலையை வெளியே எடுக்கத் தேவையில்லை, எடுத்தாலும் மீன் மணம் போகாது. பராக்கு நிறைய. பாதியில் சம்பளக் கணக்கு ஓடும், வீட்டுக்கு எழுதாத கடிதம் வந்து நிற்கும். அதையும் அப்படியே மாதாவிடம் சொல்லிவிட்டு அடுத்த துண்டத்தை இழுப்பேன்.

எதிரே நின்ற நோர்வே அம்மா ஒருத்தி என் உதடு அசைவதைக் கண்டுபிடித்துவிட்டா. இடைவேளையில், “நீ செபிக்கிறாயா?” என்று கேட்டா. ஓம் என்றேன். அப்போதுதான் ஹான்ஸ் நீல்சன் ஹௌகெயைப் பற்றிச் சொன்னா. 1796 ஏப்ரல் 5இல், தகப்பனின் வயலில் உழுதுகொண்டு நின்றபோதே இறை அனுபவம் பெற்ற கமக்காரன் அவர். நாடெல்லாம் நடந்து பிரசங்கம் செய்தார், நடக்கும்போதும் கம்பளிக் கையுறை பின்னியபடி. குருவானவரின் அனுமதியில்லாமல் செபக்கூட்டம் கூட்டுவதைத் தடுக்கும் 1741ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினார் என்று 1804இல் பிடித்துப் பல ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். அந்தச் சட்டம் 1842இல்தான் போனது. அவர் லூத்தரன் என்ற புரட்டஸ்தாந்துச் சபைக்காரர், நான் கத்தோலிக்கன். ஆனாலும் உழவு வயலையும் மீன் மேசையையும் ஒரே வரிசையில் வைத்து அந்த அம்மா பேசியது எனக்குப் பிடித்துக்கொண்டது.

செபம் தினமும் ஓடத் தொடங்கியபின் ஒரு சிக்கல் வந்தது. இயேசு கற்பித்த செபத்தில் வரும் “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல” என்ற வரிதான். வருடத்துக்கு இரண்டுதரம் சொன்னால் அது பாட்டாக வழுகிப் போகும். ஒவ்வொரு நாளும் சொல்லும்போது அங்கே ஓர் ஆள் வந்து நிற்பான். எங்கள் கிராமத்தில் தமிழ் வீடுகளே கொஞ்சம். அதற்குள் கதைபேச்சில்லாத வீடுகள் வேறு. சங்கக் காசு விஷயத்தில் ஒருவர் எனக்குச் சொன்ன வார்த்தை நெஞ்சில் கிடந்தது. அதே ஆள் அதே ஆலையில், எனக்குப் பின் மேசையில். காலையில் அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போய் அவர் முகத்தில் முழிக்கவேண்டும். கொஞ்சக் காலம் அந்த வரியை வேகமாகச் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் ஒரு பனிக்காலம் அவருடைய கார் இயங்காமல் நின்றபோது, “ஏறுங்கோ அண்ணை, நானும் அங்கதானே போறன்” என்றேன். வழியில் காலநிலைதான் கதைத்தோம். மன்னிப்பு என்று இருவரும் வாயெடுக்கவில்லை. பிறகு வணக்கம் சொல்லும் அளவுக்கு வந்தோம், இன்றைக்கும் அவ்வளவுதான். அவ்வளவே பெரிசு என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் வட நோர்வே நகரான துரொம்சோவில் இருக்கும் கார்மேல் மடத்துக்குப் போயிருக்கிறேன். 1990இல் வந்த போலந்துக் கன்னியர் தொடங்கியது. நாளை நேரம் நேரமாகப் பிரித்துச் செபிக்கும் அவர்களைப் பார்த்து நாங்களும் அப்படியே தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். பிள்ளைகுட்டியும் மாறிமாறி வரும் வேலை நேரமும் உள்ளவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாளுக்கு நாள் இடம் மாறாத ஐந்து நிமிடமாக இருக்கவேண்டும். தேத்தண்ணி கொதிக்கும் நேரமோ பஸ் ஏறும் நேரமோ, எதுவானாலும் சரி.

ஒஸ்லோவுக்கு மாறியபின் எல்லாம் வசதி. தமிழ்ப் பூசை, பாடகர் குழு, திருநாளுக்கு நிறைந்த சனம். வசதி வந்ததும் வீட்டுச் செபம் தளர்ந்ததைக் கண்கூடாகக் கண்டேன். “ஞாயிறு போறம்தானே அப்பா” என்பது பிள்ளைகளின் வாதம். தாதியாக வேலை செய்யும் மகள் அன்றைய வாசகத்தைக் கைபேசியில் நோர்வேஜிய மொழியில் வாசித்துக்கொண்டு மெட்ரோவில் போகிறாள். தமிழில் வாசி என்று நான் சொல்வதில்லை. மகன் செபத்துக்கு வருவதில்லை. இழுத்து இருத்தினால் இருப்பான், ஆனால் எப்போது முடியும் என்று மணியைப் பார்ப்பான், எனக்கு அது வேண்டாம். அவனுக்குத் தெரிய நானும் மனைவியும் மேசையில் இருந்து செபிக்கிறோம், அவன் கதவைப் பூட்டுவதில்லை. போன மாதம் சத்திரசிகிச்சைக்குப் போகும் நண்பன் ஒருவனின் பெயரைச் சொல்லி, “உங்கட லிஸ்டில போடுங்கோ” என்றான். போட்டோம். நண்பன் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், பெயரை இன்னும் எடுக்கவில்லை.