பீலித் தண்ணி: கேன் கணக்கு

பெப்ரவரி 26, 2025, புதன்

சிவராத்திரி லீவு. ஆறு மணிக்கே பீலிக்குப் போய்விட்டேன். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போகிற ரோட்டோரம், தேயிலை மலை இறங்கி முடிகிற இடத்தில் கல் இடுக்கிலிருந்து வருகிற தண்ணீர். மூங்கிலைப் பிளந்து சொருகிய காலத்துப் பேர்தான் பீலி. இப்போது இருப்பது பிவிசி பைப், பேர் மட்டும் அப்படியே. 5 லிட்டர் கேன் நிறைய 22 விநாடி. போனில் பார்த்தேன், சும்மாதான்.

வீட்டுப் பைப்பிலும் தண்ணீர் வரும், வருகிற நாளில். குளிக்க, துவைக்க அது போதும். குடிக்கவும், பால் விடாத பிளேன்டீக்கும் பீலித் தண்ணிதான்.

மார்ச் 9, ஞாயிறு

சிவனொளிபாத மலை சீசன். வேன் மேல் வேன். மலையடிவாரத்தில் நல்லதண்ணி என்றே பேர் வைத்த ஊருக்குப் போகிறவர்கள், வழியில் நம் பீலியில் போத்தல் நிரப்பிப் போகிறார்கள். நிரப்பட்டும். ஒருவர் சேற்றுச் செருப்போடு கல்லில் ஏறியதும் லயத்து (தோட்டக் குடியிருப்பு) அம்மாயி விடவில்லை: “தம்பி, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. குடிக்கிற தண்ணி.” பாவம், அவருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, கழற்றிவிட்டார்.

36 விநாடி.

மார்ச் 16, ஞாயிறு

58. முன்னால் ஒன்பது கேன், ஆள் இரண்டே பேர். கேனை வைத்துவிட்டுப் போனால் அதுவும் ஓர் ஆள்தான், யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். வார நாள் என்றால் கொழுந்துக்குப் போகிற அக்காமாருக்கு முதலிடம். எழுதாத சட்டம், ஆனால் அதை மீறி நான் பார்த்ததில்லை.

மழை இல்லாததால்தான் என்று எல்லோரும் சொன்னோம். அம்மாயி மட்டும், “மேல ஏறிப் பாருங்கடா” என்றார். ஏறினோம். பைப் வாயில் வேர், ஈர முடிக்கற்றை மாதிரி. பிடித்து இழுத்தால் ஒரு முழ நீளம் வருகிறது! அதன் பின்னால் கறுப்பு வண்டல். கையை விட்டு வழித்தெடுத்தோம், விரல் விறைத்துப்போனது. இறங்கி வந்து பார்த்தால் 41. மிச்சக் குறைக்கு மழைதான் வரவேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

நேற்றுப் பின்னேரம் இடியோடு நல்ல மழை. காலையில் ஆசையாகப் போனேன். பீலி கொட்டுகிறது, 15 விநாடிக்கு மேல் ஆகாது. ஆனால் பிளேன்டீ நிறம். அம்மாயி கையில் ஏந்திப் பார்த்துக் கீழே விட்டார். “ரெண்டு நாள் போகட்டும் தம்பி. மலைய கழுவிக்கிட்டு வருது.” மேலே போன வாரம்தான் உரம் போட்டார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரம் எங்கே போகும்?

வெறும் கேனோடு திரும்பி, கடையில் 5 லிட்டர் போத்தல் ஒன்று வாங்கினேன். 350 ரூபாய். நேற்றிலிருந்து கட்டுப்பாட்டு விலை, ஒரு லிட்டர் என்றால் 100. தண்ணீரில் ருசியே இல்லை. போத்தல் நல்ல கனம், பிடியும் உறுதி. தீர்ந்ததும் இதுவும் பீலிக்கு வரும்.