ஏறுவதற்கு முன்

ஜெர்மனியில் குதிரை லாயத்தில் வேலை என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் வரும் முதற்கேள்வி, "குதிரை ஓடுவாயா?" என்பதுதான். ஓடுவேன். ஆனால் பெரும்பொழுது நிலத்தில் நின்றுகொண்டுதான் போகிறது என்றதும் கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. "அப்படியென்றால் லத்தி அள்ளத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று சின்னம்மா முடித்துவிட்டார். அதுவும் உண்மைதான். பனிக்காலத்தில் அதற்கும் முன்னால் வாளித் தண்ணீரில் உறைந்த கட்டியை உடைக்க வேண்டும்.

ஊரில் எனக்குத் தெரிந்த குதிரை, வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வரும் மரக்குதிரை. அது கடிக்காது, மிரளாது. உயிருள்ள குதிரையோ மிரண்டு ஓடியே பிழைத்த பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும்; மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. ஆகையால் பின்பக்கம் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போவோம். மொழி வகுப்பில் வாய் திறக்கக் கூசிய காலத்தில் என் அரைகுறை ஜெர்மன் செல்லுபடியான இடம் அது. தமிழும்தான்.

இப்போது பழக்கிக்கொண்டிருப்பது மூன்று வயதுப் பெட்டைக் குதிரை. தலைக்கயிற்றை மெல்ல இழுத்துப் பிடிப்பேன். கழுத்தை இறுக்கி, காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும். நான் மேலும் இழுப்பதில்லை, விடுவதுமில்லை. உடலின் பாரம் முன்னுக்குச் சாயும் அந்தக் கணத்திலேயே கயிறு தளர வேண்டும். குதிரை கற்பது இழுப்பதால் அல்ல, விடுவதால். அடி வைத்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால், அடி வைத்துப் பயனில்லை என்பதையே அது படித்துக்கொள்ளும். பிற்பாடு சேணத்தில் ஏறிக் காலால் விலாவை அழுத்தும்போதும் இதே கணக்குதான்.

ஜெர்மன்காரர்கள் பயிற்சிக்கு ஆறு படிகள் வகுத்திருக்கிறார்கள். சீரான நடைத் தாளம் முதற்படி. உடலின் இறுக்கம் தளர்வது அடுத்தது. பின்னங்கால்களில் பாரத்தை வாங்கி, உடலைத் திரட்டி நடப்பது கடைசி. காசு கட்டிப் பழக வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கடைசிப் படிதான் முதலில் வேண்டும். கடிவாளத்தை இழுத்துக் கழுத்தை வளைத்துவிட்டால் அது வந்துவிட்டதாக நினைப்பு. எனக்கு எரிச்சல் வரும் இடம் இது. குதிரைக்கு முதுகெலும்பு முற்றவே ஐந்தரை, ஆறு வயதாகிவிடும்.

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போனேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாக மேய்கின்றன. "மாமா, ஒன்றைப் பிடித்து ஏறலாமா?" என்றான். முதலில் கிட்டப் போக விடுகிறதா பார் என்றேன். சில எட்டு வைத்தான். ஒன்று தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தியது. "நில், ஒரு எட்டுப் பின்னுக்கு வை" என்றேன். வைத்தான். அது மறுபடி புல்லில் வாய் வைத்தது. இப்படியே போனால் ஏற எவ்வளவு காலமாகும் என்று கேட்டான். ஒரு வருடமாவது என்றேன். ஓட்டோக்காரரிடம் ஒல்லாந்தர் கோட்டைக்கு எவ்வளவு என்று விசாரிக்கப் போய்விட்டான்.