ஆள் நகரட்டும் என்று காத்திருந்த நாட்கள்

பழைய ஆலைக் குடியிருப்புகளில் நான் ஏழெட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன். போன மாதம் அங்கே ஒரு தெருவில் ஒரு பெண் என்னைத் தடுத்து நிறுத்திக் கேட்டார்: “அண்ணா, நீங்க ரொம்ப நாளா இங்க வர்றீங்க இல்ல? எங்க அம்மா இந்த வாசல்லதான் உட்கார்ந்திருப்பாங்க. ஒரு படம் இருக்குமா?” வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க் முழுவதையும் தேடினேன். அந்த வாசல் பதினான்கு படங்களில் இருக்கிறது. அம்மா ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பார்? அவர் எழுந்து உள்ளே போகட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்று காத்திருந்தவனே நான்தான்.

அந்த முதல் இரண்டு வருடம் எடுத்ததெல்லாம் துருப்பிடித்த கேட், காரை பெயர்ந்த சுவர், கண்ணாடி உடைந்த ஜன்னல், செடி முளைத்த புகைபோக்கி. தொழில் நகரத்தின் பழைய பகுதிக்குக் கேமராவோடு போகிற எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான், துருவுக்கும் கரிக்கும் அப்படி ஒரு நிறம், அப்படி ஒரு சொரசொரப்பு. ஆனால் ஆளில்லாமல் எடுத்தால் அந்த இடம் செத்துப்போனது போல் ஆகிவிடுகிறது. சங்கு ஊதி ஷிப்டு மாறும்போது அதே தெருவில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. இதைச் சொல்லாத படம் பொய் சொல்கிறது என்பது என் கருத்து.

ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல ஆண்டுகள் நீர்த்தொட்டிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஆளே இல்லாமல், மேகமூட்டமான வானத்தின் கீழ் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டே போனார்கள். அவற்றில் பல பின்னாளில் இடிக்கப்பட்டன, அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் எடுத்தது இயந்திரங்களின் முகத்தை. குடியிருப்பை அப்படி எடுத்தால் சரியாக வராது.

என் மனதுக்கு நெருக்கமானவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் மில்டன் ரோகோவின். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ என்ற உருக்கு நகரத்தில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதித் தருவது அவர் தொழில். 1957இல் அவருடைய இடதுசாரி அரசியலுக்காக நாடாளுமன்ற விசாரணைக் குழு அழைத்தது, அதற்குப் பிறகு தொழில் படுத்துவிட்டது, கேமரா பக்கம் முழுமையாகத் திரும்பினார். 1972இல் நகரத்தின் லோயர் வெஸ்ட் சைடு பகுதியில் ஒரு சில தெருக்களுக்குள் படம் எடுக்கத் தொடங்கினார். எப்படி நிற்க வேண்டும் என்று யாருக்கும் சொல்ல மாட்டார், அவர்கள் நிற்கிறபடியே எடுப்பார், பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்புறம் 1980களில் அதே ஆட்களைத் தேடிப் போனார். 1990களில் மறுபடி. 2000க்குப் பிறகு, தொண்ணூறு வயதைத் தாண்டி, இன்னொரு முறை! ஒரே குடும்பத்தின் நான்கு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் படத்தில் கைக்குழந்தை, கடைசியில் அந்தக் குழந்தையே பெற்றோர். உருக்காலைத் தொழிலாளர்களையும் 1970களின் பிற்பகுதியில் வேலை செய்யும் இடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று எடுத்தவர், ஆலைகள் மூடிய பிறகு அவர்களில் பலரைத் திரும்பவும் போய் எடுத்தார். ஆலை மூடினால் என்ன ஆகும் என்பதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஒரு தெருவை ஒரு நாளில் எடுத்து முடிக்க முடியாது. மூன்றாவது தடவை போகும்போதுதான் “இன்னைக்கும் வந்துட்டீங்களா” என்று யாராவது பேசுவார்கள். பிரின்ட்டோடு போனால் வீட்டுக்குள்ளேயே கூப்பிடுவார்கள். பெரிய ஜூம் லென்ஸை வைத்துத் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள், அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் போதும், அது உங்களைப் பேசும் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். குறுகிய சந்தில் உச்சி வெயில் ஒரு கோடாக விழும், இரண்டு பக்கமும் இருட்டு. மேகமூட்டமான நாளோ விடியற்காலையோ பார்த்துப் போங்கள். கரி படிந்த சுவர் சட்டகத்தை நிறைத்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக வெளுக்க வைத்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, குறைத்தால்தான் கறுப்பு கறுப்பாக வரும். கேமராவை மேலே சாய்த்தால் சுவர்கள் உள்பக்கம் சரியும், எதிர் வீட்டுப் படிக்கட்டில் ஏறி நின்று நேராகப் பிடித்தால் சரியாகிவிடும் (அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு). இரவில் குறை அழுத்த சோடியம் விளக்கு எரிகிற தெரு கிடைத்தால் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையோடு (white balance) மல்லுக்கட்ட வேண்டாம், அது கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டும்தான் தருகிறது, வேறு நிறம் அங்கே இல்லவே இல்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய், அம்மா உட்காரும் மர ஸ்டூலை எடுத்து வந்து வாசலில் போட்டு, தன் மகளை அதில் உட்கார வைத்தார். மகளுக்கு ஆறு வயது இருக்கும், கால் தரையைத் தொடவில்லை. நான்கு படம் எடுத்தேன். பிரின்ட் நேற்று வந்தது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.