கரும்பலகைக்கு அப்பால் இருந்த தீவுகள்

எங்கள் வரலாற்று சேர் ஊரில் காலமான செய்தி மாசியில் வந்தது. உயர்தரத்தில் அவரிடம் கிரேக்க, உரோம நாகரிகம் படித்தவர்களுக்கு அந்த மூன்றாம் பாடவேளையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தீவுப் பாடம்தான்.

மத்தியதரைக் கடலை வரைந்துகொண்டே சேர் இடப்பக்கம் போவார். அந்தக் கடலின் மேற்கு வாசலான ஜிப்ரால்டரோடு பலகை முடிந்துவிடும். அவர் நிற்கமாட்டார். வெள்ளைச் சுவரிலேயே நீலச் சோக்கால் புள்ளிகள் வைப்பார்.

"தம்பிமார், இதுக்கு அங்காலயும் ஆக்கள் போய் வந்திருக்கினம்."

புயலில் அள்ளுண்ட பினீசியர் என்ற கடலோடி வணிகர் வளமான ஒரு பெருந்தீவைக் கண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். இத்தாலியின் எத்ருஸ்கர் அங்கே குடியேறப் பார்த்தபோது, வட ஆபிரிக்காவின் பினீசிய நகரமான கார்த்தேஜ்காரர் தடுத்தார்கள். தங்கள் சனமே ஊரை விட்டு அங்கே போய்விடும் என்ற பயம் ஒன்று; நகரம் அழிந்தால் தப்பி ஓட ஓர் இடம் வேண்டும் என்ற நினைப்பு மற்றது. கி.மு. 146இல் உரோமர் கார்த்தேஜை அழித்தார்கள். எஞ்சியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு சேர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அப்புறம் உரோமப் படைத்தலைவன் செர்தோரியஸ். கி.மு. 80 அளவில் ஸ்பெயின் கரையில் மாலுமிகள் அவனிடம் இரண்டு தீவுகளைப் பற்றிச் சொன்னார்கள்: மிதமான மழை, மென்காற்று, பாடுபடாமலே கிடைக்கும் கனிகள். அத்திலாந்திக்கில் உள்ள மதேராவும் போர்ட்டோ சாண்டோவுமாக இருக்கலாம் என்பார்கள். போரே வேண்டாம், அங்கே போய் இருந்துவிடலாம் என்று அந்தப் படைத்தலைவன் ஏங்கினானாம். போகவில்லை. கடைசியில் ஒரு விருந்தில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டான்.

"நீ எண்டால் போவியோ?" என்று சேர் என்னைக் கேட்டார். "போவன் சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

"இதில சிரிக்க என்ன கிடக்கு? அவனும் போகத்தானே ஆசைப்பட்டவன்" என்றார் சேர். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

அடுத்த கிழமை ஜூபா மன்னன் என்று சொல்லியிருந்தார். அதற்குள் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வடமேற்கு ஆபிரிக்காவில் அன்றிருந்த மௌரித்தானியா அரசின் இரண்டாம் ஜூபா, அத்திலாந்திக்கின் கனாரித் தீவுகளைப் பற்றித் திரட்டிய செய்திகளை, பனி மூடிய தீவு, கட்டிட இடிபாடுகள், மன்னனுக்குக் கொண்டுவந்த இரண்டு பெரிய நாய்கள் எல்லாவற்றையும், உரோம எழுத்தாளர் பிளினி வழியாக இங்கத்தைய நூலகத்தில்தான் படித்தேன். 2012இல் அந்தக் கனாரிகளில் ஒன்றான லோபோஸ் தீவில் உரோமர் காலத்து ஊதாச் சாயப் பட்டறையும் சாயத்துக்காக உடைத்த கடல் நத்தை ஓடுகளும் வெளிப்பட்டன. மாலுமிகள் வெறுங்கதை சொல்லவில்லை.

இருந்தாலும் சேர் வாயால் கேட்காத பாடம் அது. அந்தக் கிழமை வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜூபாவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று அடுத்த மலரிலாவது எழுதுங்கள்.