அமன்சிம்டோட்டியின் நீச்சல்காரி

நமது தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர்களுக்கு அந்த 1996 ஜூலை நினைவிருக்கும். திருக்குறளை ஓரம் வைத்துவிட்டு வாத்தியார் ஒரு பாடவேளை முழுவதும் தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை பென்னி ஹெய்ன்ஸைப் பற்றியே பேசினார். அதுவரை நாட்டு அணி எங்கே விளையாடினாலும் எதிரணிக்குக் கைதட்டிய மனிதர் அவர். காரணம் நமக்குத் தெரியும். டர்பன் கடற்கரையில் நம் பெற்றோர் எந்த இடத்தில் கால் நனைக்கலாம் என்பதற்குக்கூட நிறம் பார்த்துப் பலகை வைத்திருந்த நாடு அது. டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த்தில் என் தெருவில் நீந்தத் தெரிந்த பெண் ஒருத்திகூட இல்லை.

பென்னி வளர்ந்தது டர்பனுக்குத் தெற்கே உள்ள அமன்சிம்டோட்டியில். நிறவெறிக் கொள்கையால் 1960 ரோமுக்குப் பிறகு விலக்கப்பட்டிருந்த நாடு 1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக்குக்குத் திரும்பியபோது, 17 வயதில் அணியிலேயே இளையவராகப் போனார். 1996 மார்ச்சில் நம் டர்பனிலேயே 100 மீட்டர் மார்பு நீச்சலில், அதாவது தவளை நீச்சலில், உலக சாதனை. அட்லாண்டா ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அதையும் 1 நிமிடம் 7.02 விநாடியாகக் குறைத்தார். இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவு தாண்டி வந்தது. தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இவ்வளவு அவசரமாகப் போய் என்னதான் வாங்கப் போகிறாள்?" என்று கேட்டார். வாங்கியது தங்கம். 1952 ஹெல்சிங்கிக்குப் பிறகு நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம். அடுத்து 200 மீட்டரிலும் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்ற பெண் வேறு எவரும் இல்லை.

ஆனால் எல்லாரும் அட்லாண்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கம் வாங்கிய பிறகு வேகம் குறைந்து, பேச்சிலிருந்தே மறையத் தொடங்கியவர், கனடாவின் கால்கரியில் பயிற்சியாளர் யான் பிட்ர்மனிடம் தொடர்ந்து உழைத்து, 1999இல் மூன்றே மாதங்களில் 11 உலக சாதனைகளைப் படைத்தார். அவையும் மூன்று கண்டங்களில். மார்பு நீச்சலில் கையை வீசி வேகம் கூட்ட வழியில்லை. கை இழுப்பும் கால் உதைப்பும் ஒன்றோடொன்று இசையாவிட்டால் தண்ணீரே தடுத்து நிறுத்திவிடும். அந்த இசைவை இழந்து மீண்டும் பிடிப்பது முதல் தங்கத்தைவிடக் கடினம் என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு செய்தித்தாளில் வந்ததையெல்லாம் வாத்தியார் வெட்டி ஒரு நீல நோட்டில் ஒட்டிவைத்தார்.

2000 சிட்னியில் 100 மீட்டரில் வெண்கலம். 200 மீட்டரில் இறுதிக்கே வரவில்லை. மறுநாள் சிலர் கேலி பேசியபோது வாத்தியாருக்கு வந்த கோபம் இருக்கிறதே! 2001இல் பென்னி ஓய்வு பெற்றார்.

நான் நீந்தக் கற்றது டொராண்டோவுக்கு வந்த பிறகுதான், நகராட்சிக் குளத்தில், என் மகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று. தவளை நீச்சலைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன்.

வாத்தியார் காலமான பின் அந்த நீல நோட்டு யாரிடம் போனது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் பக்கங்களைப் படமெடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடலாம்.